நேர்கோட்டில் பதினேழு மணி நேரம்

சிந்துபூந்துறை, திருநெல்வேலி
கார்த்திகை 21, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சித்ரலேகாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுக்குத்தான். நேற்றுத்தானே வீடியோவில் பேசினோம், இப்போது எதற்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறார் என்று கேட்பாய். நம் வீட்டில் போன் பேசுவது ஒரு பொதுக்கூட்டம் மாதிரி ஆகிவிட்டது, அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள், பக்கத்தில் உன் மாமியார் உட்கார்ந்திருக்கிறார்கள், கதவருகே உன் பெரியப்பா நிற்கிறார், நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாரும் பேசி முடித்துவிடுகிறார்கள். அதனால் காகிதத்தில் எழுதி, படம் எடுத்து, உன் ஆபீஸ் மின்னஞ்சலுக்கு அனுப்புகிறேன். தபாலில் போட்டால் நீ இங்கே வந்து இறங்கிய பிறகுதான் இது அங்கே போய்ச் சேரும். நீ வந்து இறங்கக் கூடாது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். தலைப்பிரசவத்துக்கு வராதே என்று பெற்ற அப்பனே எழுதுகிறானே என்று நினைக்காதே, முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் நினை.

எல்லாம் உன் மாமியார் போனில் பார்த்த ஓர் இணையப் பக்கத்தில் தொடங்கியது. தூத்துக்குடி விமான நிலையத்துக்கும் சியாட்டில் விமான நிலையத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று கேட்டால் அந்தப் பக்கம் கணக்குப் போட்டுச் சொல்லுமாம். பதின்மூவாயிரத்து நானூறு கிலோமீட்டர் சொச்சம், பறக்கும் நேரம் பதினேழு மணி நேரத்துக்கும் குறைவு என்று அதில் போட்டிருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு டிக்கெட்டே வந்துவிட்டது போல நம் வீட்டுக்கு வந்தார்கள். ‘பதினேழு மணி நேரந்தான் மைனி, சாயந்தரம் ஏறுனா மறுநா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துருவா, நான் காசிக்கு ரயில்ல மூணு நாளு குத்துக்கல்லா உக்காந்து போயிருக்கேன்’ என்று அம்மாவிடம் சொன்னார்கள். அம்மா முகம் மலர்ந்துவிட்டது. அந்தப் பக்கம் பொய் சொல்லவில்லை, உலக உருண்டையின்மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்து, அதன் நீளத்தை வேகத்தால் வகுத்துச் சொல்கிறது. அந்த நூலின்மேல் எந்த விமானமும் பறப்பதில்லை என்பதை அது சொல்வதில்லை. தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிற வாகைக்குளத்தில் வந்து இறங்குவது முன்னால் விசிறி சுற்றும் சின்ன விமானம், அது சென்னையிலிருந்து வருவதற்கே மேகத்தைப் பார்த்துத் தயங்குகிறது. நீ சியாட்டிலிலிருந்து வளைகுடா வரைக்கும் பாதி நாளுக்கு மேல் உட்கார வேண்டும், அங்கே காத்திருக்க வேண்டும், பிறகு சென்னை, அங்கேயும் காத்திருக்க வேண்டும், பிறகு அந்தச் சின்ன விமானம், பிறகு கார். வீட்டுக்கு வீடு ஒன்றரை நாள், அதுவும் எல்லாம் சரியாக நடந்தால். நடுவே எந்த நாடு எந்த நாட்டின்மேல் ஏவுகணை விடுகிறதோ, எந்த வானத்தை எப்போது மூடுகிறார்களோ, அது அந்தப் பக்கத்துக்கும் தெரியாது, உன் மாமியாருக்கும் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முந்தைய மார்கழி வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் ரயிலே நகர முடியாமல் நின்றதும் வாகைக்குளத்துச் சாலை தண்ணீருக்குள் போனதும் உனக்கு நினைவிருக்கும். கடைசி ஒரு மணி நேரத்தைக்கூட நம்ப முடியாத ஊர் இது.

சம்பந்தியம்மாள் தான் வந்தது போதாதென்று உன் பெரியப்பா குற்றாலலிங்கத்தையும் கூப்பிட்டு அனுப்பிவிட்டார்கள், நாள் பார்க்க. அண்ணன் என் வீட்டுப் படியேறி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது, சாவு வீட்டில் பார்த்தால் தலையை அசைப்போம், அவ்வளவுதான். அவர் பஞ்சாங்கத்தை விரித்ததை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். இப்போது உனக்கு எட்டாம் மாதம், எட்டில் பயணம் ஆகாதாம். அது முடிவதற்குள் மார்கழி வந்துவிடும். ‘மார்கழில பிள்ளத்தாச்சியப் புறப்படச் சொல்லப்படாது, தை பொறக்கட்டு, ஒம்பதாம் மாசம் வந்து எறங்குனா உடனே வளைகாப்பு’ என்றார். அடுத்து, எந்தக் கிழமை எந்தத் திசைக்குப் பயணம் ஆகாது என்கிற சூலம். ‘மேக்க இருந்து கெழக்க வாரா, அப்ப திங்களும் சனியும் தள்ளு’ என்றார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. நீ ஆறாம் வகுப்பில் வைத்திருந்த உலக உருண்டையைப் பரணிலிருந்து எடுத்து வந்து, ஒரு நூலை எடுத்து சியாட்டிலில் ஒரு முனையையும் இங்கே ஒரு முனையையும் வைத்து இழுத்துக் காட்டினேன். நூல் கிழக்கேயும் போகவில்லை மேற்கேயும் போகவில்லை, வடக்கே ஏறிப் பனிக்கடலைத் தொட்டுவிட்டு அந்தப் பக்கம் இறங்கியது. பாருங்கள், நீங்கள் சொல்கிற நேர்வழி வடக்கே போகிறது என்றேன். ‘அப்ப செவ்வாயும் புதனும் கழியும்’ என்றார். பாதிக்கு மேல் அதே கோடு தெற்கே வருகிறது என்றேன். ‘திரும்பாம எப்படிலே தெக்க வருவான்? நீ வாத்தியாருன்னா நாங்கள்லாம் மடையனுவளா’ என்றார். உருண்டையில் அப்படித்தான், விமானம் திரும்பவே வேண்டாம், திசை தானாக மாறும் என்றேன். ‘சரிலே, அப்ப வியாழனும் போச்சு’ என்றார். உண்மையில் ஏறப்போகிற விமானம் வளைகுடா வழியாக வருகிறது, பெருங்கடலைத் தாண்டிக் கிழக்குப் பக்கமாகச் சுற்றி வருகிற விமானமும் இருக்கிறது, அது மேற்கே பார்த்துப் பறப்பது, அதற்காக வெள்ளியையும் ஞாயிற்றையும் கழித்துவிடுங்கள் என்றேன். ஏழு கிழமையும் தீர்ந்துபோயிற்று. உன் மாமியார் சிரிப்பை அடக்க முடியாமல், ‘அப்ப பிள்ளை எட்டாவது கெழமைலதான் ஏறணும்’ என்றார்கள். பஞ்சாங்கத்தை மூடிவிடுவார் என்று நினைத்தேன். அவர் காப்பியைக் குடித்து முடித்து, தம்ளரைக் கவிழ்த்து வைத்து, ‘புறப்படுத திசைதாம்லே கணக்கு. அவ வீட்டுலேருந்து ஏர்போர்ட்டு எந்தப் பக்கம்’ என்று கேட்டார். தெற்கே என்று அம்மா சொல்லிவிட்டாள், நீதான் என்றோ சொல்லியிருந்தாயாம். ‘அப்ப வியாழன் மட்டுந்தான் ஆவாது. தை ஏழு, புதன், நல்ல நாளு’ என்று முடித்துவிட்டார். உன் உயிரை ஏற்றி அனுப்புகிற நாளை அப்படித்தான் முடிவு செய்தார்கள், சித்ரா. நான் அந்த உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

தை ஏழு அன்று உன் ஸ்கேன் கணக்கில் முப்பத்தைந்து வாரம் முடிந்து முப்பத்தாறாவது ஓடிக்கொண்டிருக்கும். விமானக்காரர்கள் முப்பத்தாறு முடிந்தவர்களை ஏற்றுவதில்லை, சில பேர் அதற்கும் முன்னாலேயே நிறுத்திவிடுகிறார்கள். வளைகுடாவில் ஒரு விமானம் தவறி இரண்டு நாள் நின்றுபோனால், இறங்கும்போது சரியாக இருந்த நீ ஏறும்போது கணக்கு மீறியவளாகிவிடுவாய். அங்கே தெரிந்த ஆள் யார், ஆஸ்பத்திரி எது, மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்பதால் தனியாக வேறு வருகிறாய். இதை நான் சொன்னதற்கு உன் மாமியார் சொன்ன பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. ‘நமக்குப் பத்து மாசக் கணக்கு, அதுல இது ஒம்பது. அவங்களுக்கு ஒம்பது மாசக் கணக்கு, அதுல இது எட்டு. எட்டுன்னு சொன்னா அது பொய்யா? குளிருக்குப் போடுத பெரிய கோட்டப் போட்டுட்டு ஏறட்டு, யாரு தொட்டுப் பாக்கப் போறா’ என்றார்கள். வாரத்தைக் கேட்டால் மாதத்தைச் சொல்வது என்று முடிவாயிற்று. நீ திரையில் அதைக் கேட்டுச் சிரித்தாய். எனக்கு அந்தச் சிரிப்புதான் பயமாக இருந்தது. வீட்டு ஏக்கத்தில் நீ எதற்கும் சரி என்று சொல்லிவிடுவாய் என்று தெரிந்துவிட்டது.

ஒரு வாரமாகக் காலையில் எழுந்ததும் போனில் உன் ஊரிலிருந்து வளைகுடாவுக்குக் கிளம்பிய விமானம் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறேன், சின்னதாய் ஒரு மஞ்சள் விமானப் படம் ஊர்ந்து போகும். நான் எழுந்திருக்கிற நேரத்துக்கு அது எப்போதும் கிரீன்லாந்து பக்கம் வெள்ளைப் பரப்பின்மேல்தான் இருக்கிறது. முப்பது வருடமாக வகுப்பில் வரைபடத்தில் அந்த வெள்ளையை விரலால் தடவிக்கொண்டு பாடம் நடத்தியிருக்கிறேன், அங்கே ஓர் ஆஸ்பத்திரி இல்லை என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. வியாழக்கிழமை காலையில் அந்தப் படம் வந்த வழியே திரும்பி மேற்கே போய்க்கொண்டிருந்தது. பல் தேய்க்காமல் அப்படியே உட்கார்ந்து பார்த்தேன். ஐஸ்லாந்திலும் இறங்கவில்லை, வடக்குக் கனடாவில் எங்கோ பெயர் தெரியாத ஊரில் இறங்கிற்று. யாரோ பயணிக்கு முடியவில்லை என்று மட்டும் பிறகு செய்தி வந்தது, ஆணா பெண்ணா, பிழைத்தாரா என்று தெரியவில்லை. திரும்ப முடிவு செய்ததிலிருந்து தரையைத் தொடும்வரை எவ்வளவு நேரம் என்று மட்டும் எனக்குத் தெரியும், அதை உனக்கு எழுத மாட்டேன். அம்மாவிடமும் சொல்லவில்லை. அம்மா உனக்காக மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டாள்.

அண்ணன் பஞ்சாங்கத்தை விரித்ததை என்னால் ஏன் பார்க்க முடியவில்லை என்று இப்போது சொல்கிறேன். உன் அத்தை மகாலட்சுமி மஞ்சள் காமாலையில் போய்விட்டாள் என்று உன்னிடம் சொல்லி வைத்திருக்கிறோம், அது உன் பெரியப்பா ஊருக்குச் சொன்ன கதை. எனக்கு நேர் மூத்தவள். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். தலைப்பிரசவம், தாய்வீட்டுக்கு வர வேண்டும். தோட்டத்து ஆஸ்பத்திரி நர்சம்மா, கால் வீக்கம் சரியில்லை, தலைவலி என்கிறாள், பைய ரெண்டு நாள் படுத்து எழுந்திருக்கட்டும் என்று தடுத்திருக்கிறார். கூட்டிவரப் போனவர் உன் பெரியப்பா. ‘நாளைக்குச் சனி, கெழக்க சூலம். ஞாயித்துக்கெழம அட்டமி. திங்க மறுபடியும் சூலம். இன்னைக்கே எறக்கிருவோம்’ என்று சொல்லி, ஐப்பசி மழையில், வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸில் ஏற்றிவிட்டார். கல்லிடைக்குறிச்சி பஸ் நிறுத்தத்தில் வாடகைக் காரோடு நான் நின்றேன். பூகோளம் படிக்கிற மாணவன் வேறு, பையில் வரைபடம் இருந்தது, மாஞ்சோலைக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவே அதில் என் சுண்டுவிரல் நகத்தின் அகலம். அந்த அகலத்தைக் கடக்க பஸ்ஸுக்குப் பகலின் மிச்சம் முழுக்கப் போதவில்லை, வளைவில் மரம் விழுந்து கிடந்தது, ஆட்கள் வெட்டித் தள்ளியபிறகுதான் வந்தது. இரண்டு பெண்கள் அவளைத் தாங்கி இறக்கினார்கள். கண் தெரியவில்லை என்றாள், என் குரலை வைத்துத்தான் என்னைக் கண்டுகொண்டாள். ‘பக்கந்தானேன்னு நெனச்சேன்லே ஆவுடை’ என்றாள். அதற்குப் பிறகு வலிப்பு வந்துவிட்டது. கார் பாளையங்கோட்டை போய்ச் சேர்வதற்குள் அவளும் இல்லை, பிள்ளையும் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம் உன் பெரியப்பா, ‘கெழமையெல்லாம் நல்ல கெழமதான், அவ விதி’ என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை நான் மன்னிக்கவில்லை. நீயும் மன்னிக்க வேண்டும் என்று கேட்காதே, வயசாகிவிட்டது என்று அம்மா சொல்வதையும் சொல்லாதே. அதே கையால் உனக்கும் நாள் குறித்துவிட்டார் என்பதுதான் எனக்கு இப்போது தாங்கவில்லை.

அதனால் நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன். உன் பட்டமளிப்புக்கென்று அம்மாவும் நானும் சென்னைக்குப் போய் வாங்கிய விசா இன்னும் செல்லும், அப்போது பரீட்சை நேரமாகிப் போக முடியவில்லை. நீ வர வேண்டாம், நாங்கள் வருகிறோம். அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு, மார்கழி பதினொன்று, வெள்ளிக்கிழமை. அன்று மேற்கே சூலமாம், பெரியப்பாவிடம் கேட்காமலே தெரிந்துகொண்டேன், இருக்கட்டும். லீவுக்காக அருமைநாயகத்தின் அறைக்குப் போனேன். எனக்கு ஆறு வருடம் இளையவன், நான் உட்கார்ந்திருக்க வேண்டிய தலைமையாசிரியர் நாற்காலியில் நிர்வாகம் அவனை உட்கார வைத்த நாளிலிருந்து அந்த அறைக்குள் நான் கால் வைத்ததில்லை, எதுவானாலும் எழுதி பியூனிடம் கொடுத்தனுப்புவேன். ‘சார், இத எதுக்கு நின்னுகிட்டே கேக்கிய, உக்காருங்க. பாப்பாகூட இருந்துட்டு வாங்க, பத்தாப்புக்கு மேப்பு வேலைய நானே பாத்துக்கிடுதேன்’ என்றான். நல்லபடியாகத்தான் பேசினான். அதற்காக நான் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், அவன் எடுக்கிற மேப்பு வேலையை நான் வந்து திருத்த வேண்டியிருக்கும். அம்மாவிடம் சொன்னபோது முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று ஒரு தடவை கேட்டாள். மறுநாள் சாம்பார் கொதிக்கும்போது, ‘பேறுகால லேகியத்த பிளைட்டுல விடுவாவளா, இல்ல சாமானா வாங்கிட்டுப் போயி அங்க வச்சுக் கிண்டணுமா’ என்று கேட்டாள். நான் இதுவரை விமானத்தில் கால் வைத்தவனில்லை, அந்த வெள்ளையை நினைத்தால் உள்ளங்கை வேர்க்கிறது. வேர்க்கட்டும். எங்கள் இரண்டு பேருக்கும் இந்த வயதில் முப்பத்தாறு வாரக் கணக்கு ஒன்றும் இல்லை, எங்களுக்கு ஏதாவது ஆனால் அது எங்களோடு போகும்.

இரண்டு சீட்டு பார்த்து வைத்திருக்கிறேன், பணம் கட்டவில்லை. நீ வரவில்லை என்று ஒரு வார்த்தை எழுதினால்தான் கட்டுவேன், நாங்கள் அங்கே கிளம்பிய பிறகு நீ இங்கே கிளம்பினால் என்ன செய்வது. உனக்கு இது எளிதில்லை என்று தெரியும். உன் மாமியாரோடு நீ காலம் முழுக்க இருக்க வேண்டியவள், மாப்பிள்ளை நல்லவர், அம்மா சொல்வதைத் தட்டத் தெரியாதவர். அவர்களிடம் வாரக் கணக்கைப் பற்றிப் பேசாதே, வாதாடாதே, டாக்டர் சொன்னார் என்று சொன்னால் வேறு டாக்டரைப் பார் என்பார்கள். நான் சொல்வதை அப்படியே சொல். முதலில் பெரியப்பாவுக்கு நீயே போன் செய். ‘பெரியப்பா, எனக்கு வரணும்னுதான் ஆச, அப்பாதான் ஒத்துக்கிட மாட்டேங்காவ, வந்தா மொகத்துலயே முழிக்க மாட்டேன்னு சொல்லுதாவ’ என்று சொல். கொஞ்சம் அழுதுகொண்டே சொன்னாலும் தப்பில்லை. பிறகு அதையே உன் மாமியாரிடமும் சொல். அவர்கள் என்னைப் பற்றி என்ன சொன்னாலும் ஆமாம் என்று சொல், நீ எனக்காகப் பரிந்து பேசி உன் பெயரைக் கெடுத்துக்கொள்ளாதே. வீம்பு பிடித்தவன், அண்ணனோடு ஒட்டாதவன், பெற்ற பெண்ணைத் தாய்வீட்டுக்கு வர விடாதவன் என்று பேசுவார்கள், பேசட்டும். இந்தக் குடும்பத்தில் எல்லாரும் ஏற்கெனவே என்னைப் பிடிக்காமல்தான் இருக்கிறார்கள், இந்த ஒரு தடவை அது உனக்கு உதவட்டும்.

உனக்கும் பிள்ளைக்கும் ஒரு நோவும் வராமல் நெல்லையப்பரும் அம்பாளும் பார்த்துக்கொள்ளட்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதே, காலைத் தொங்கப் போட்டு வெகுநேரம் உட்காராதே, கால் வீங்கினாலோ தலை வலித்தாலோ கண் மங்கினாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் அந்த நிமிஷமே டாக்டரிடம் போ. பதிலை அம்மாவின் போனுக்கு அனுப்பாமல் எனக்கு மட்டும் அனுப்பு. அது வரும்வரை காலையில் அந்த மஞ்சள் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் அப்பா,
பே. ஆவுடையப்பன்